இன்றைக்குப் பார்க்கிறீர்களா, நாளைக்கா?

1811 செப்டம்பர் 30. பாரிஸில் ஒரு வீட்டுக்குள் கறுப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் நுழைந்தார்கள். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னியின் வலது மார்பில் வளர்ந்திருந்த கட்டியை மார்போடு சேர்த்து எடுக்க வந்தவர்கள். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு மார்ச்சில் பேரரசிக்குப் பிரசவம் பார்த்த டூபுவா இன்னொருவர். மயக்க மருந்தை உலகம் அறிய இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. பர்னிக்கு வயது 59. அறுவை அன்றைக்குத்தான் என்பதே அவருக்குச் சில மணி நேரத்துக்கு முன்தான் தெரியும்.

கட்டிலும் பழைய மெத்தைகளும் அறைக்கு வந்தன. ஏறிப் படுக்கச் சொன்னார்கள். தப்பித்து ஓட வழி உண்டா என்று அவர் கதவையும் ஜன்னல்களையும் பார்த்தார். குரல் எழும்பவில்லை. பணிப்பெண் அழுதுகொண்டிருந்தாள். செவிலியர் இருவர் வாசலிலேயே உறைந்து நின்றார்கள். பெண்கள் எல்லோரும் வெளியே போகட்டும் என்று டூபுவா உத்தரவிட்டார். அப்போதுதான் பர்னிக்குக் குரல் வந்தது. கூடாது, அவர்கள் இங்கேயே இருக்கட்டும் என்றார். சின்னதாக ஒரு வாக்குவாதம். அந்த வாக்குவாதம்தான் தனக்கு உயிரூட்டியது என்று பிறகு அக்காள் எஸ்தருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதற்குள் பணிப்பெண்ணும் ஒரு செவிலியும் ஓடிவிட்டார்கள். மற்றவளைக் கிட்டே வரச் சொன்னார். அவள் வந்தாள்.

அறுவை சுமார் 20 நிமிடம். அதைக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திரும்பப் படிக்கும் துணிவு வரவில்லை. ஆனால் பிழைத்தார், 1840 வரை இருந்தார். மருத்துவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. அருகில் வந்து நின்ற அந்தச் செவிலியின் பெயர் கடிதத்தில் இல்லை. செவிலியரின் வரலாறே பெரும்பாலும் இப்படித்தான் என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

என்னை யோசிக்க வைப்பது அந்த வாக்குவாதம்தான். ஏழு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்ட அறையில், அவருடைய சொல் செல்லுபடியான ஒரே விஷயம், பக்கத்தில் யார் இருப்பது என்பது. அது கிடைத்தது. வலி ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் போன குரல் திரும்பியது.

1846-க்குப் பிறகு கத்தியின் வலி போயிற்று. ஈதருக்கும் குளோரோபார்முக்கும் அதற்குப் பின் வந்த மருந்துகளுக்கும் மனிதகுலம் பட்ட கடன் தீராது. அந்த வசதியிலிருந்து ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. மருத்துவர் கத்தியைப் பிடிக்கும்போது நோயாளி அங்கே இருக்கக் கூடாது. உடம்பு மட்டும் இருந்தால் போதும். தியேட்டருக்குள் இது சரி. நாலு மணி நேரமோ எட்டு மணி நேரமோ அப்படித்தான் நடக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்தப் பழக்கம் தியேட்டர் கதவுக்கு வெளியேயும் கசிகிறது. அட்மிஷன் போட்ட நிமிடத்திலிருந்தே நாம் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்கத் தொடங்குகிறோம்.

என்னென்ன போகிறது என்று பாருங்கள். சொந்தத் துணி போய் ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி வருகிறது. பெயர் இருந்த இடத்தில் படுக்கை எண் வருகிறது. ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. படித்துப் பார்க்காத, படித்தாலும் புரியாத தாளில் கையெழுத்து. மழிக்க வேண்டிய இடத்தை மழிக்கிறார்கள். வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு; ஒன்றையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவையும் ஒரே மாலையில் இழக்கும் மனுஷிக்கு, மறுநாள் காலை மார்போ கருப்பையோ நாக்கோ போகப் போகிறது.

தாலி விஷயத்துக்கு வருகிறேன். மார்பில் அறுவை என்றால் அது அங்கே இருக்க முடியாது. ஒரு வார்டில் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தொடும் அம்மா ஒருவர், கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கழட்டிக் குடுங்கம்மா, நேரமாச்சு” என்று ஒரு சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் கை அசையவில்லை. அடுத்து வந்தவர் சின்னப் பெண். படிப்பை முடித்து அதிக நாள் ஆகியிராது. பக்கத்தில் உட்கார்ந்து, “யார் கழட்டணும்மா? நீங்களா, சாரைக் கூப்பிடட்டுமா? கழட்டினத யார்கிட்ட குடுக்கணும்?” என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். வீட்டுக்காரரே கழட்டட்டும், கழட்டி அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும், மாமியார் கையில் கொடுக்க வேண்டாம் என்றார். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது குரல் நன்றாகவே தெளிந்திருந்தது. சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்.

முதல் சிஸ்டர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அன்று ஐந்து கேஸ் தியேட்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், தாலி கழுத்தை விட்டு இறங்க வேண்டும். இரண்டாமவர் அதை ஒரு கேள்வியாக்கினார்.

அறுவைக்கு முந்தின ராத்திரி வார்டில் தூங்குகிறவர்கள் குறைவு. செத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் சொற்பம். சொல்லும் பயங்கள் வேறு. மூத்தவளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் இல்லாமல் ஜாக்கெட் எப்படி நிற்கும்? நகையை மீட்க யார் பணம் கட்டுவது? பேச்சு வருமா? தொண்டையில் ஓட்டை போட்டுவிட்டால் கறிக்குழம்பு இறங்குமா? இதையெல்லாம் பெரிய டாக்டரிடம் கேட்க மாட்டார்கள். ரவுண்ட்ஸில் அவர் நிற்கும் இரண்டு நிமிடத்துக்கு இவை பொருத்தமான கேள்விகள் அல்ல என்பது நோயாளிக்கே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு டெம்பரேச்சர் பார்க்க வரும் சிஸ்டரிடம் கேட்பார்கள்.

அதற்கு நம்மிடம் தயாராக இருக்கும் பதில், “தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது.” உறவினர் சொல்கிறார், பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்கிறார், வாட்ச்மேன்கூடச் சொல்கிறார். சொல்பவரின் மனம் நல்லதுதான். ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் கேட்டவர் வாயை மூடிக்கொள்கிறார். பயத்தைச் சொன்னால் தைரியம் இல்லாதவர் ஆகிவிடுவோம் என்று அதற்கு மேல் பேச மாட்டார். நோயாளியின் பயத்தைத் தாங்க முடியாமல் நாம் நமக்காகச் சொல்லிக்கொள்ளும் சொல் அது என்பதுதான் என் எண்ணம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் சகாக்களும் செய்த ஓர் ஆய்வு 1964-ல் வெளிவந்தது. வயிற்றில் அறுவை செய்துகொண்ட 97 பேர். ஒரு பகுதியினருக்கு முந்தின ராத்திரியே சொன்னார்கள்: எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், அது ஏன் இயல்பு. வயிற்றுத் தசையை எப்படித் தளர்த்துவது, தையல் இழுக்காமல் எப்படிப் புரள்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. யாருக்குச் சொல்லப்பட்டது என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. சொல்லப்பட்டவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதி அளவே தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள். வலிக்காது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வலிக்கும் என்றுதான் சொன்னார்கள். கூடவே, வலிக்கும்போது நீ என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொடுத்தார்கள்.

ஜீன் ஜான்சன் என்ற செவிலிய ஆய்வாளர் 1970-களில் இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார். என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்வது ஒன்று. நமக்கு எப்படி உணர்வாக இருக்கும் என்று சொல்வது வேறு. எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை அறுத்தெடுக்க வரும் குழந்தைகளிடம், ரம்பம் எப்படிச் சத்தம் போடும், உடம்பு எப்படி அதிரும், கட்டு எப்படிச் சூடாகும் என்று முன்கூட்டிச் சொன்னபோது அவர்கள் மிரள்வது குறைந்தது. தெரியாத இடத்தில்தான் பயம் பெருகுகிறது.

நம் வார்டுகளில் நல்ல சிஸ்டர்கள் எந்த ஆய்வையும் படிக்காமலே இதைச் செய்கிறார்கள். டிரெயின் குழாயையும் அதன் முனையில் இருக்கும் டப்பாவையும் ஒரு புதுப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நோயாளியின் கையில் கொடுப்பார்கள். “முழிச்சதும் அக்குள் பக்கத்துல இது தொங்கும். செவப்பாத்தான் தண்ணி வரும், பயப்படாதீங்க, அது ரத்தம் கொட்டுறதில்ல. நாள் போகப்போக மஞ்சளாகும். தூங்கும்போது இதைக் கீழே தாழ்த்தி வைக்கணும். இதைத் தூக்கிட்டுத்தான் பாத்ரூம் போகணும். தூக்கிப் பாருங்க.” அவர் தூக்கிப் பார்ப்பார். எடை ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம் அரை மயக்கத்தில் கண் திறக்கும்போது, விலாவில் ஏதோ இழுக்கும். தொட்டுப் பார்த்து, இது அந்த டப்பாதான் என்று அவருக்கே தெரியும். குழாயைப் பார்த்து அலறுவதற்கும், இதை எனக்குத் தெரியும் என்பதற்கும் இடையில் அந்த ஐந்து நிமிடப் பேச்சு இருக்கிறது.

நாக்கிலும் தாடையிலும் அறுவை செய்துகொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கண் விழிக்கும்போது மூக்கில் உணவுக் குழாய், தொண்டையில் மூச்சுக் குழாய், பேச்சு கிடையாது. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம். இப்படி விழிப்பவர்களும் அதிகம். முந்தின நாளே ஒரு சிலேட்டோ நோட்டோ கொடுத்து, எழுதத் தெரியாதவரென்றால் கைச் சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு விரல் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் வலி, கையை விரித்தால் சளி உறிஞ்சு. சைகையை நோயாளியே தேர்ந்தெடுத்தால் நல்லது. தன் மொழி தன் ஏற்பாடாக இருக்கும்.

பேச்சு என்றதும் நம் ஊரின் தனிச் சிக்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. “அப்பாவுக்குத் தெரியாது சிஸ்டர், சாதாரணக் கட்டின்னு சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லுங்க.” பிள்ளைகள் இதைப் பாசத்தால்தான் சொல்கிறார்கள். ஆனால் புற்றுநோய் என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆஸ்பத்திரியில் கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாது என்கிறோம். அப்பாவுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று அவரும் நடிக்கிறார். இரண்டு பக்கத்தின் நடிப்பையும் பார்க்கும் ஒரே ஆள் சிஸ்டர்தான். “இது அந்த நோய்தானேம்மா?” என்று அவர் ஒரு ராத்திரி கேட்கும்போது பொய் சொல்லவும் முடியாது, பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அனுபவசாலிகள் திருப்பிக் கேட்பார்கள்: “உங்களுக்கு என்ன தோணுது ஐயா? உங்களுக்கு எவ்வளவு தெரியணும்? டாக்டர்கிட்ட நீங்களே பேசுறீங்களா, நான் கூட நிக்கட்டுமா?” சிலர் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சிலர், “வேண்டாம்மா, பையன் பாத்துக்குவான்” என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் அவருடையது. அதைப் பிள்ளைகள் அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

இதற்கெல்லாம் சிகரம் முதல் டிரெஸ்ஸிங். மார்பு எடுத்தவருக்குக் கட்டு அவிழ்க்கும் நாள். அவர் முதலில் தன் நெஞ்சைப் பார்ப்பதில்லை. சிஸ்டரின் முகத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு சுளிப்பு, ஒரு பரிதாபம், கண்ணைத் திருப்பும் ஒரு நொடி இருந்தால் போதும், தன் உடம்பு என்ன ஆகியிருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிடுவார். பிறகு கண்ணாடியே தேவையில்லை. வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்குத் துண்டு போட்டு மூடிய பெண்கள் உண்டு. கணவர் முன் வருடக்கணக்கில் உடை மாற்றாதவர்கள் உண்டு. அதனால்தான் நன்றாகப் பயின்ற சிஸ்டர் கட்டை அவிழ்க்கும் முன் கேட்கிறார்: “இன்னைக்குப் பாக்குறீங்களா, நாளைக்கா? இன்னைக்கு வேண்டாம்னா நான் மட்டும் பாத்துக்கறேன். எப்படியிருக்குன்னு சொல்லட்டுமா, சொல்ல வேண்டாமா?”

இந்தக் கேள்வியை நான் பல நாள் அசைபோட்டிருக்கிறேன். கேன்சர் யாரையும் கேட்டு வருவதில்லை. கட்டி எங்கே வரும், எவ்வளவு பரவும், எவ்வளவு வெட்ட வேண்டும், அப்புறம் கீமோவா, கரண்ட் வைப்பதா, எதிலும் அவர் சொல்லுக்கு அதிக இடமில்லை. நோய் ஒரு பக்கம் பறித்தது. சிகிச்சை, காப்பாற்றுவதற்காகவே, மறுபக்கம் பறித்தது. அந்த நிலையில் வெளியிலிருந்து எவ்வளவு தைரியம் ஊற்றினாலும் நிற்பதற்குப் பாத்திரம் இல்லை. சிறிதாக ஏதாவது ஒன்று, எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது, யாருக்குச் சொல்வது, அவர் கைக்குத் திரும்ப வேண்டும். அதை முடிவு செய்கிற அளவுக்கு உள்ளே ஆள் எழுந்து உட்கார்கிறார். தைரியம் என்று நாம் பிறகு சொல்வது, அப்படி எழுந்து உட்கார்ந்த ஆளைப் பார்த்துத்தான். சிகிச்சை எடுத்துக்கொண்டவற்றைச் சில்லறையாகத் திருப்பித் தருவதுதான் செவிலியின் மனநலப் பணி. அதில் கருணை உண்டு, ஆனால் கருணை மட்டும் போதாது. கருணை அளவு மீறினால் அதுவே இன்னொரு பறிப்பாகிவிடும். அழ வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட அழாதீங்க என்பவர் முடிவு செய்கிறார்.

தன் உடம்பை இழந்து மீண்டவர்களே இந்தப் பணியைச் செம்மைப்படுத்தியிருப்பது தற்செயல் அல்ல. நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்ணுக்குக் குடல் நோயால் (புற்றுநோய் அல்ல) வயிற்றில் மலம் வெளியேறும் வழி அமைக்கப்பட்டது. அறுவை செய்த டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் 1958-ல் அவரையே கிளீவ்லேண்ட் மருத்துவமனையில் வேலைக்கு அமர்த்தினார், அதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. குடல் புற்றுநோய் நோயாளிகளுக்குப் பை மாட்டவும், தோல் புண்ணாகாமல் பார்க்கவும், அதோடு வெளியே நடமாடவும் கற்றுத்தரும் ஸ்டோமா செவிலியர் பயிற்சி அங்கிருந்துதான் கிளைத்தது. பை எந்த இடத்தில் அமைந்தால் புடவைக் கட்டுக்கும் வேட்டி மடிப்புக்கும் இடைஞ்சல் இல்லை என்று, நோயாளியை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து அறுவைக்கு முன்பே மையால் குறிப்பது இன்றைக்கு அவர்களின் வேலை. வெட்டுவது டாக்டர்தான், இடத்தைச் சொல்வதில் நோயாளிக்கும் பங்கு.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை? நேரமில்லை என்பது முதல் பதில், அது பொய்யில்லை. ராத்திரி டியூட்டியில் முப்பது, நாற்பது படுக்கையை ஒருவர் பார்க்கும் வார்டுகளில், பக்கத்தில் உட்கார்ந்து கேள் என்று உபதேசிக்க யாருக்கும் தகுதியில்லை. ஆனால் ஆழத்தில் வேறொன்றும் இருக்கிறது. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து 1960-ல் எழுதினார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே நோயாளியிடம் அதிக நேரம் இருக்காதபடி முறை வைத்து, பெயருக்குப் பதில் உறுப்பின் பெயரால் அழைத்து, அந்த அமைப்பே செவிலியரைப் பதற்றத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தது. காத்ததாக நினைத்தது. பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவர் முடிக்காமலே போய்விட்டார்கள். அழுகும் புண்ணையும் சாகும் இளைஞனையும் தினமும் பார்ப்பவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுவது குணக்கேடு அல்ல. டிரெஸ்ஸிங் டிராலியோடு போகும் முன் அவளிடம் யாராவது கேட்டார்களா, இன்னைக்கு நீ பாக்குறியா, வேற யாரையாவது அனுப்பவா என்று?

நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் 1977-ல் புற்றுநோய் மருத்துவமனைக்குள்ளேயே மனநலப் பிரிவைத் தொடங்கினார். மன உளைச்சலைச் சுழியிலிருந்து பத்துவரை நோயாளியே குறிக்கும் அளவுகோல் அந்த மரபில் வந்தது. 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இன்று இதற்கென்று தனித் துறை இருக்கிறது. இவை பெரிய காரியங்கள். இருந்தாலும் உளவியலாளரைப் பார்க்க நேரம் குறித்துப் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பயம் நேரம் குறித்து வருவதில்லை. அந்த நேரத்தில் வார்டில் நிற்பவருக்குப் பயிற்சியும், பக்கத்தில் இன்னொரு ஆளும், பயந்தால் போய்ச் சொல்ல ஓர் இடமும் வேண்டும். டிரெயினில் எத்தனை மில்லி வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுத இடம் இருக்கிறது. நோயாளி என்ன கேட்டார், என்ன முடிவு செய்தார் என்று எழுதவும் ஒரு வரி விட்டால் காலையில் வருகிறவர் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது.

படிக்காதவர்கள், கிராமத்து ஆட்கள், இவர்களிடம் போய் எதை முடிவு செய்யச் சொல்வது என்று ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் வாதிட்டார். நான் அவரிடம் கருப்பை எடுத்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே எழுந்து நடக்க வேண்டும் என்பது விதி. சிஸ்டர் காலையில் நடங்க என்றார். பாட்டி சாயங்காலம் என்றார். மத்தியானமாவது என்றார் சிஸ்டர். சீரியல் முடிந்ததும் என்றார் பாட்டி. வார்டில் டிவியே இல்லையே என்று சிஸ்டர் கேட்க, “பக்கத்து பெட் பொண்ணு போன்ல வச்சிருக்குதுல்ல” என்று பதில் வந்தது. கடைசியில் பதினொன்றரை மணிக்கு ஒப்பந்தம் ஆனது. கழிப்பறைவரை போய்த் திரும்ப வேண்டும் என்று. பாதி வழியில் நின்று, நாளைக்கு நேரத்தை நான்தான் சொல்லுவேன் என்று பாட்டி கறாராக அறிவித்துவிட்டு மிச்சத் தூரத்தை நடந்தார்.